புலன்மயக்கப் பெட்டி: பொருள்கள் பரவாயில்லை, கையேடுதான் சறுக்குகிறது

மெய்யியல் வகுப்புகளுக்கென்று வரும் இந்தச் செய்முறைப் பெட்டியில் இழுப்பு அட்டை, பட்டகக் (ப்ரிசம்) கண்ணாடி, நிழல் விழுந்த சதுரங்கப் பலகைப் படம், உட்குழிந்த முகமூடி, நெக்கர் கனசதுரம் (இரண்டு விதமாக மாறி மாறித் தெரியும் கோட்டுப்படம்), கடிகாரச் சீட்டு, கூடவே ஒரு கையேடு இருக்கின்றன. முதல் இரண்டுக்காக மட்டுமே வாங்கலாம். கையேட்டை அப்படியே நம்பிப் பாடம் நடத்தினால், பிள்ளைகள் தப்பான முடிவோடு எழுந்து போவார்கள்.

இழுப்பு அட்டையில் இருப்பவை ஜெர்மன் ஆய்வாளர் முல்லர்-லையர் 1889இல் வெளியிட்ட கோடுகள். நுனி இறகுகள் கோட்டின் பக்கமே மடங்கியிருந்தால் கோடு குட்டையாகத் தெரியும், வெளியே விரிந்திருந்தால் நெட்டையாகத் தெரியும். அட்டையை இழுத்து, இரண்டு கோடும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டு, பின்பக்க அளவுகோலில் வித்தியாசத்தை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். ஒருவருக்குப் பத்து முறை செய்யலாம். அதில் ஐந்து முறை நன்றாக நீட்டிய நிலையிலிருந்தும், ஐந்து முறை நன்றாகச் சுருக்கிய நிலையிலிருந்தும் தொடங்க வேண்டும். ஒரே பக்கமாகத் தொடங்கினால் கை முன்னதாகவே நின்றுவிடும், சராசரியும் அந்தப் பக்கம் சாயும். இறகுக்கோணம் 30 பாகை, சரியான தேர்வு. கோணம் அகல அகல மயக்கம் தேயும். திரும்பத் திரும்பச் செய்தால் பிழை கொஞ்சம் குறையுமே தவிர ஒழியாது. அளவுகோலை வைத்துச் சமம் என்று காட்டிய பிறகும் கோடுகள் ஏறுக்குமாறாகத்தான் தெரியும். நம்பிக்கை திருந்திவிட்டது, காட்சி திருந்தவில்லை. காண்பதும் நம்புவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் பொருள் வேறு கிடையாது.

பட்டகக் கண்ணாடி 20 பட்டக டயாப்டர் (ஒளியை எவ்வளவு விலக்கும் என்பதன் அலகு). ஒரு மீட்டரில் 20 செ.மீ., அதாவது ஏறத்தாழ 11 பாகை, காட்சி பக்கவாட்டில் நகரும். 60 செ.மீ. தூரத்துப் புள்ளியை விரலால் குத்தினால் முதல் குத்து 12 செ.மீ. வரை தவறலாம். சில பத்துக் குத்துகளில் கை பழகிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கமாகத் தவறும். பாடமே அந்தக் குத்தில்தான் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. வில்லைகள் கழற்றி மாட்டும் வகை என்பதால், தடித்த விளிம்பு இரு கண்ணுக்கும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பொருள் இரண்டாகத் தெரியும், தலைவலிதான் மிச்சம். அடுத்தது, கை புறப்படும் இடத்திலிருந்தே கண்ணில் பட்டால் போகிற போக்கிலேயே திருத்திக்கொள்வார்கள், பிழை வெளியே வராது. முகவாய்க்குக் கீழே ஒரு அட்டையைத் தட்டு மாதிரி நீட்டி, விரல் நுனி கடைசியில் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். கையேடு இதைச் சொல்லவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாரையும் நடக்கவிடக் கூடாது.

சதுரங்கப் படம், எட்வர்ட் அடெல்சன் 1995இல் செய்தது, அச்சில் கெட்டிருக்கிறது. நிழலுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கட்டங்கள் வேறு வேறு நிறமாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே சாம்பல் நிறம் என்பதுதான் விஷயம். ஆனால் தாள் பளபளப்பு. விளக்கு ஒரு பக்கம் இருந்தால் ஒரு கட்டம் நிஜமாகவே வெளிறிவிடுகிறது. அந்த இரண்டு கட்டங்களை மட்டும் காட்டும் துளையிட்ட மறைப்பட்டையும் வெள்ளை, துளைகளும் ஒரே அளவில் இல்லை. அடர்சாம்பல் அட்டையில் ஒரே அளவாக இரண்டு துளை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள், விளக்கை இருபுறமும் வையுங்கள். முகமூடியில் குறை இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் குழிவு புடைப்பாகிவிடும்.

இனி கையேடு. நீரில் வளைந்து தெரியும் குச்சியையும் முல்லர்-லையர் கோடுகளையும் ஒரே பட்டியலில் போட்டு, ‘புலன்கள் ஏமாற்றும், ஆகவே எதையும் அறிய முடியாது’ என்று முடிக்கிறது. முதல் தவறு வகைப்பாட்டில். குச்சியைப் போட்டோ எடுத்தால் படத்திலும் வளைந்தே இருக்கும், ஏனென்றால் கோளாறு கண்ணுக்கு வருமுன்பே, ஒளியில் நடந்துவிட்டது. கோடுகளைப் போட்டோ எடுத்து அளந்தால் சமமாக இருக்கும். அங்கே கோளாறு கண்ணுக்குப் பின்னால். இரண்டாம் தவறு முடிவில். கோடுகள் சமம் என்று எப்படித் தெரிந்தது? அளவுகோலைக் கண்ணால் பார்த்துத்தானே! ஒரு காட்சியைத் திருத்தியது இன்னொரு காட்சி. நெக்கர் கனசதுரத்தையும் (1832) ‘பிழை’ என்கிறார்கள். தாளில் இருப்பது வெறும் கோடுகள், எந்த வாசிப்பும் பிழையில்லை. அதை ஐயம் என்றும் சொல்ல முடியாது. கட்டையோ ஆளோ என்று தயங்குவதுதான் ஐயம், கனசதுரமோ ஒவ்வொரு கணமும் தயங்காமல் ஒரு பக்கம் நிற்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி (அறியும் வழிகளைச் சொல்வது), மாசறு காட்சியை, அதாவது குற்றமற்ற நேர்க்காட்சியைச் சொல்லும்போதே ஐயத்தையும் திரிவையும் (ஒன்றை வேறொன்றாகக் காண்பதையும்) தனித்தனியாகப் பெயர் சொல்லி விலக்குகிறது. அந்தப் பிரிவினை கையேட்டில் இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

கையேட்டில் அறிவு என்பது ‘தக்க காரணமுள்ள உண்மையான நம்பிக்கை’ என்ற வரையறையோடு நிறுத்திவிட்டார்கள். 1963இல் அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் அதை உடைத்தார். உடைப்பதற்கான கருவி, கடிகாரச் சீட்டு, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: 3.10க்கு நின்றுபோன கடிகாரத்தை, தற்செயலாகச் சரியாக 3.10க்கு ஒருவர் பார்க்கிறார். நம்பிக்கை உண்டு, உண்மை உண்டு, காரணமும் உண்டு. ஆனால் அவருக்கு மணி ‘தெரியும்’ என்று சொல்ல நாக்கு கூசும். சீட்டிலோ கடிகாரத்தின் முகத்தில் பெரிய விரிசல் வரைந்திருக்கிறார்கள். விரிசல் கண்ணில் பட்டால் நம்பத் தக்க காரணமே போய்விடும், எடுத்துக்காட்டு வரையறையைத் தொடவே தொடாது. வெள்ளைத்தாள் ஒட்டி விரிசலை மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.