ஏசி போட்டால் ஊறிய மட்டை வாடை: ஆறு ஆண்டு அனுபவம்

உடுமலையில் இருக்கும் மச்சான் போன வாரம் போனில் அழைத்தார். நான் வைத்திருக்கும் அதே மாடல் கார், நான்கு ஆண்டு ஓடியது, குறைந்த விலைக்கு வருகிறதாம். வாங்கலாமா என்று கேட்டார். மைலேஜும் இன்ஜினும் அவருக்கே தெரியும். நான் ஏசி வாடையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன்.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை சாலையில். சுற்றிலும் தென்னை, இடையிடையே மஞ்சி மில், அதாவது மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மில். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் ஆவணி வரை ஓயாது. ஈரமும் வரும், மஞ்சித் தூசியும் வரும். கார் வாங்கிய இரண்டாவது ஆடியிலேயே தொடங்கிவிட்டது. ஏசி போட்ட முதல் அரை நிமிடம், தொட்டியில் ஊறிய தேங்காய் மட்டையை முகத்துக்கு நேரே பிரித்தது போல ஒரு வாடை. பிறகு அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் மூன்று ஆண்டு ஏமாந்தேன். அம்மா மட்டும் காரில் ஏறியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். வால்பாறை போனபோது 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணாடியை இறக்கிவிட்டே வந்தார்.

சர்வீஸில் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஏசி சுத்தம் செய்ததாகப் பில்லில் 1,200 ரூபாய். காற்று வரும் துளைகளில் ஏதோ வாசனை மருந்தை அடித்து அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் மல்லிகை மணக்கும். பதினோராம் நாள் மல்லிகையும் மட்டையும் கலந்து குமட்டும்.

சென்ற ஆண்டு ஜூலையில் இடப்பக்கக் கால்மிதி சொதசொதவென்று நனைந்து கிடந்தது. ஊருக்குள் கார் ஏசி மட்டும் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் காருக்கு அடியில்தான் குனிந்தார். "ஏசி ஓடுகிறது, கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை பாருங்கள் அண்ணா" என்றார். வடிகுழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்ததும், விளக்குத் திரி போல முறுக்கிய மஞ்சி ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. பின்னாலேயே தண்ணீர் கொட்டியது.

குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பு வெளியே வேர்ப்பது போலத்தான், ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலிலும் வேர்க்கிறது. அந்த நீர் வடியாமல் நின்று, மேலே தூசியும் படிந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து அவர் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். மூடி இருந்தது, உள்ளே ஃபில்டர் இல்லை. விலை குறைந்த மாடல் என்பதால் போடாமலே விற்றிருக்கிறார்கள். அந்த ஃபில்டரின் விலை 350 ரூபாய். இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். காருக்குள் வரும் ஊர்த் தூசியை வடிகட்ட இருக்கும் ஒரே பொருளை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சர்வீஸில் ஒருவர்கூட அந்த மூடியைத் திறக்கவில்லை.

அந்த ஃபில்டர் இடத்தின் வழியாகத் தம்பி நுரை மருந்தை அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டார். கறுப்பாக வடிந்தது. இரண்டாம் முறை அடித்த பிறகுதான் தெளிந்தது. ஃபில்டரோடு சேர்த்து 1,700 ரூபாய் ஆனது.

ஓராண்டாக வாடை இல்லை. வீடு வருவதற்குச் சற்று முன்னால், வாய்க்கால் பாலம் வந்ததும் ஏசியை அணைத்து, வெளிக்காற்று வரும்படி மாற்றி, புளோயரை மட்டும் ஓடவிடுகிறேன். வீடு சேர்வதற்குள் கூலிங் காயில் ஓரளவு காய்ந்துவிடுகிறது. ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். எங்கள் காற்றுக்கு அதற்கு மேல் தாங்குவதில்லை. இதற்குள் இரண்டு மாற்றிவிட்டேன். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் வண்டி தங்கம். 92,000 கிலோமீட்டரில் நடுவழியில் ஒருமுறைகூட நின்றதில்லை. சித்திரை வெயிலில் தாராபுரம் சாலையில் ஐந்தே நிமிடத்தில் உள்ளே குளிர்ந்துவிடும். போன அமாவாசைக்கு மாசாணியம்மன் கோவிலுக்குப் போனபோது அம்மா முந்தானையைத் தொடவே இல்லை, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஆனாலும் மச்சானிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அப்படியானால் உங்கள் வண்டியை விற்கப்போகிறீர்களா?" என்று கேட்டார். விற்க மாட்டேன் என்றேன்.