பழைய லேண்ட் ரோவரின் முன் அச்சு: புதுப்பிப்பதா, வேறு அச்சு பூட்டுவதா, பவர் ஸ்டியரிங் வைப்பதா?

1958இல் வெளிவந்த சீரீஸ் II, 1971 முதல் 1985 வரை உற்பத்தியான சீரீஸ் III ஆகிய லேண்ட் ரோவர்கள் மலையகத்துத் தோட்டப் பாதைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தால் உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு: இருக்கும் அச்சையே பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றலாம், பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில், வேறு வண்டியிலிருந்து கழற்றிய அச்சு ஒன்றை முழுதாக வாங்கிப் பூட்டலாம், அல்லது பிற்கால வாகனம் ஒன்றின் பவர் ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்தலாம். மூன்றிலும் முதலாவதே மேலானது என்பது என் முடிவு. ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் செலவுதான் மிஞ்சும்.

எந்த வழியில் போவதானாலும் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இந்த வண்டிகளில் ஸ்டியரிங் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையில் ஆறு பால் ஜொயின்ட்டுகளும், ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களின் பக்கம் கடத்த முன் குறுக்குச் சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் ரிலேயும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிறிதளவு தேய்மானம் சேர்ந்தாலே ஸ்டியரிங் வீலில் பெரிய ஆட்டமாகத் தெரியும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கும்போது மற்றொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பெயாரிங்கில் இருக்கிறது; நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் ஆணியான சுவிவல் பின்னில் இருக்கிறது.

அந்த சுவிவல்தான் மலையகத்தில் அதிகம் அடிபடும் இடம். அதன் குரோம் பூசிய உருண்டை மழையிலும் சேற்றிலும் துருப்பிடித்துக் குழிவிழுகிறது, அந்தக் குழிகள் ஒயில் சீலை அரிக்கின்றன, உள்ளிருக்கும் EP 90 கியர் ஒயில் வெளியே வடிய, தண்ணீரும் மண்ணும் உள்ளே போகின்றன. குழிவிழுந்த உருண்டையின் மேல் புதுச் சீலை மட்டும் மாற்றுவது வீண்வேலை. உருண்டையையே மாற்ற வேண்டும், அல்லது குழிகளை நிரப்பிச் சீராக்கி மறுபடி குரோம் பூச வேண்டும். கீழேயுள்ள கூம்பு ரோலர் பெயாரிங்கையும் மேலேயுள்ள புஷ்ஷையும் புதிதாகப் போட்ட பின்னர், இறுக்கத்தை ஷிம் தகடுகளால் அமைக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் பள்ளமான பாதையில் சக்கரம் நடுங்கும். கூடினால் ரம்பொடை கொண்டை ஊசி வளைவைத் திருப்பி முடித்த பிறகும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஆகவே இதைக் கைக்கணக்கில் விடாமல், வண்டியின் கைநூல் தரும் அளவுக்கு ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து அமைப்பதே முறை.

ஒயிலா கிரீஸா என்பது இன்னொரு கேள்வி. பிற்கால மாதிரிகளுக்கு லேண்ட் ரோவர் நிறுவனமே இளகிய கிரீஸுக்கு மாறியது. அது சீல் வழியாக எளிதில் வடியாது. ஆயினும் சீரீஸ் வண்டியின் மேல் புஷ், உருண்டைக்குள் சுழன்று சக்கரத்தை இயக்கும் ஜொயின்ட் வீசியடிக்கும் ஒயிலை நம்பியிருப்பதால், உருண்டை நல்லதாக இருக்கும்வரை நான் ஒயிலையே தேர்வேன். இதே காரணத்தால், முன் சக்கரங்களை இயக்கத்திலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் பூட்டியவர்கள் அதை மாதக்கணக்கில் திறந்தே விட்டால், ஜொயின்ட் சுழலாமல் மேல் புஷ் வறண்டுபோகும்.

ரிலேயைப் பிரிக்கும் வேலையைப் பழகாதவர் தொடக்கூடாது: உள்ளே பலமாக அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் காயம் நிச்சயம். துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போன ரிலேயைக் கழற்றுவதே பெரும்பாடு என்பதால், வெளியே எடுத்துவிட்டால் புதிதொன்றைப் போட்டுவிடுவதே நல்லது.

பஞ்சிகாவத்தை அச்சின் கவர்ச்சி அதன் வேகம்தான். ஆனால் வரும் அச்சின் சுவிவலும் அதே தேய்மானத்தோடு வரலாம். மேலும் அச்சிலுள்ள டிஃபரன்ஷலின் கியர் விகிதம் பொருந்தியாக வேண்டும். சீரீஸ் அச்சு 4.7க்கு 1, பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி அச்சுகள் 3.54க்கு 1. முன்னுக்கும் பின்னுக்கும் விகிதம் வேறுபட்ட நிலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டினால் கியர்ப்பெட்டி தாங்காது. அவை கொயில் ஸ்பிரிங் வண்டிகளின் அச்சுகள் என்பதால் இலை ஸ்பிரிங்கில் பொருத்த வெட்டி ஒட்டவும் வேண்டும்.

பவர் ஸ்டியரிங் கைக்கு இதம்தான். பாரமான ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகளில், அதுவும் அந்த எஞ்சினோடு பம்ப் ஏற்கெனவே வந்திருந்தால், அது நியாயமான தேர்வு. அசல் எஞ்சினுக்கோ பம்ப், புல்லி, தாங்கி எல்லாம் தேட வேண்டும். எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு: தேய்ந்த சுவிவலின் இறுக்கத்தையும் நடுக்கத்தையும் பவர் ஸ்டியரிங் ஓட்டுநரின் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது, ஜொயின்ட்டுகள் மீதான விசையும் கூடுகிறது. எனவே அச்சுவேலை முடிந்து, சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு (டோ-இன்) 1.2 முதல் 2.4 மில்லிமீற்றருக்குள் அமைந்து, வண்டி சாதாரண ஸ்டியரிங்கிலேயே நேராக ஓடிய பின்னரே பவர் பெட்டிக்கு விலை கேட்க வேண்டும்.