சார்ஜ் நிறைந்த காரை நகர்த்த யாரும் வரவில்லை

சிங்கப்பூரில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு சார்ஜர் போதவில்லை என்று நான் வாழும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும்போதே பலர் சொல்லக் கேட்டிருந்தேன். நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு சொல்கிறேன்: சார்ஜர் இருக்கிறது. சார்ஜ் நிறைந்ததும் காரை எடுத்து அடுத்தவருக்கு இடம்விடும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை. இந்தப் பயணத்தில் வங்கி வேலையும் அம்மாவின் கண் பரிசோதனையும் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பும் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு யாராவது கேட்டால் சொல்கிறேன். ஈசூன் வட்டாரத்துக் கார்ப்பேட்டையில் (கார் நிறுத்துமிடத்தில்) கழிந்த அந்த ஓர் இரவை மட்டும் எழுதியே ஆகவேண்டும்.

தம்பியின் பழைய பெட்ரோல் காருக்கு, இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் அவன் மின்சாரக் காருக்கு மாறிவிட்டான். ஊரே அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. 2024இல் சிங்கப்பூரில் பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அந்த ஆண்டு எல்லா நிறுவனங்களையும் முந்தி அதிகம் விற்றது சீன நிறுவனமான பிஒய்டி. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார் எதுவும் தூய எரிசக்தியில் ஓடுவதாகவே இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். அதே ஆண்டுக்குள் தீவு முழுவதும் 60,000 சார்ஜ் முனைகள் அமைப்பது இலக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார்ப்பேட்டைகளில் அவற்றை நிறுவுவதற்கென்றே நிலப் போக்குவரத்து ஆணையம் 2022இல் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது. வேலை நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் கூப்பன் கிழித்து வைத்துவிட்டு ஓடிய அதே கார்ப்பேட்டையில், இரண்டாம் தளத்தில், மூன்று சார்ஜர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்துதான் போனது.

மலேசியாவில், மலாக்காவில் அத்தை பேத்திக்கு நிச்சயதார்த்தம். எல்லையைக் கடக்கும் கடற்பாலத்தில் நெரிசல் சேர்வதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்று அதிகாலை நான்கரைக்குப் புறப்பட முடிவு செய்திருந்தோம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. வண்டியில் நெடுநேரம் உட்கார முடியாது என்பதால் வழியில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக்கூட அவரே யோசித்து வைத்திருந்தார். தம்பி வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இரவு பத்து மணி. காரில் பதினைந்து விழுக்காடு சார்ஜ்.

கணக்கு எளிது. வீவக கார்ப்பேட்டை சார்ஜர்களில் பெரும்பாலானவை 7.4 கிலோவாட் திறன் கொண்டவை. இரவெல்லாம் நிறுத்திவைத்து மெதுவாக ஏற்றுவதற்கு அமைக்கப்பட்டவை. ஒரு மணி நேரத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். தம்பியின் பேட்டரி அறுபது யூனிட். பத்து மணிக்கு மாட்டினால் நான்கரைக்குள் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். மலாக்கா சேர்ந்து, அங்கே ஊருக்குள் சுற்றவும் மிச்சம் இருக்கும்.

போய்ப் பார்த்தால் மூன்றிலும் கார். ஒன்றில் தனியார் வாடகைக் காருக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று அப்போதுதான் வந்து மாட்டியிருந்தது. மூன்றாவதில் ஒரு வெள்ளைக் கார். அதன் சார்ஜர் திரையில் சார்ஜ் முடிந்துவிட்டது என்ற வாசகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கம்பி இன்னும் காரின் வாயில் பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் திறந்தாலொழிய நாம் அதைக் கழற்ற முடியாது. அது நியாயமான பாதுகாப்புதான். முன்கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தொலைபேசி எண் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சார்ஜர் நிறுவனத்தின் உதவி எண்ணை தம்பி அழைத்தான். உரிமையாளரின் விவரத்தைத் தர முடியாது, அவருக்குத் தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பினார்களோ, அவர் பார்த்தாரோ, யாரும் வரவில்லை.

அந்த வெள்ளைக் கார் எப்போதிலிருந்து நிற்கிறது தெரியுமா? தம்பி செயலியைத் திறந்து காட்டினான். மாலையில் அலுவலகத்தில் இருந்தபடி அவன் பார்த்தபோதே அந்த முனை "பயன்பாட்டில்" என்றுதான் இருந்ததாம். நிறைந்த பிறகும் ஒரு சொட்டு மின்சாரம்கூட எடுக்காமல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சார்ஜர்கள் எத்தனை என்று அறிக்கைகளில் எண்ணிச் சொல்கிறார்களே, இப்படி அடைபட்டுக் கிடக்கும் நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

நகர மையத்துக் கடைத்தொகுதியில் வேக சார்ஜர் இருக்கிறது, அங்கே போவோம் என்றான் தம்பி. போனோம். அது வேறொரு நிறுவனத்துடையது, வேறொரு செயலி. சார்ஜரில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டின் ஒரு மூலை சுரண்டப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. கைபேசி எத்தனை கோணத்தில் பிடித்தும் படிக்க மறுத்தது. கீழே சிறிய எழுத்தில் இருந்த எண்ணை நான் ஒவ்வொன்றாகப் படிக்க, தம்பி தட்டினான். அவனுடைய அட்டையை அந்தச் செயலி ஏற்கவில்லை. என் கைபேசியில் பதிவு செய்யலாம் என்றால், ஆஸ்திரேலிய எண்ணுக்குக் கடவுச்சொல் வந்து சேரவே இல்லை. பக்கத்தில் இருந்த மற்றொரு முனையில் பழுது என்ற அறிவிப்பு. பெட்ரோல் நிலையத்தில் கையில் பணம் இருந்தால் போதும் என்ற காலத்தில் வளர்ந்தவள் நான். மின்சாரம் கண்ணெதிரே இருக்க, பணமும் கையில் இருக்க, வாங்க முடியாமல் நிற்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தந்தது. சில நிறுவனங்கள் தங்கள் செயலியில் மற்றவருடைய சார்ஜர்களையும் சேர்க்கத் தொடங்கியிருக்கின்றன என்று தம்பி சொன்னான். தொடங்கினால் போதாது. பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் ஒரே அட்டையைத் தட்டிப் போகப் பழக்கிய ஊர் இது.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. வெள்ளைக் கார் அங்கேயேதான்.

பெர்த்தில் நான் இதைப் பற்றி நினைப்பதே இல்லை. வீட்டுக் கொட்டகையில் சுவரோடு சார்ஜர் இருக்கிறது, கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. பகலில் வீட்டில் இருக்கும் நாளில் மாட்டிவிட்டால் வெயிலே காருக்குள் ஏறுகிறது. இங்கே மக்களில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினர் வீவக அடுக்குமாடியில் வாழ்கிறார்கள். யாருக்கும் சொந்தச் சுவர் இல்லை, எல்லாருக்கும் பொதுத் தூண்தான். தரைவீட்டுக்காரர் வீட்டுக் கட்டணத்தில், யூனிட்டுக்கு முப்பது காசு வாக்கில், ஏற்றிக்கொள்கிறார். கார்ப்பேட்டையில் ஏற்றுபவர் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு கொடுக்கிறார். லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டிய உரிமைச் சான்றிதழை வாங்கிவிட்டு, அதற்கு மேல் இதையும் கொடுத்துவிட்டு, இடத்துக்காக நள்ளிரவில் காத்தும் நிற்க வேண்டும் என்றால் அது நியாயமில்லை. பெர்த்திலும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சிரமம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அங்குள்ள பொது வேக சார்ஜர்கள் பலவற்றில், நிறைந்த பிறகும் எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் கட்டணம் ஓடும். அந்தப் பயத்திலேயே ஆட்கள் ஓடிவருவார்கள்.

மேலே போய் அப்பாவிடம் சொன்னேன். "சமையலறையிலிருந்து கம்பி இழுத்துப் போட்டால் என்ன?" என்று கேட்டார். வீடு இரண்டாம் மாடி, கார்ப்பேட்டையும் எதிரேதான். ஆனால் 2023 டிசம்பரில் மின்வாகனச் சார்ஜ் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற சார்ஜரில்தான் ஏற்றலாம். தீ விபத்தை நினைத்தால் அது சரியான சட்டம்தான். அதை விளக்கியதும் அப்பா அடுத்த கேள்வி கேட்டார்: "முக்கால் இருக்கிறதா?"

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. 1989இல் பாதித் தொட்டி, 1991 முதல் முக்கால் தொட்டி. ஜொகூருக்குப் போகும் சிங்கப்பூர்க் காரில் அந்த அளவு பெட்ரோல் இல்லையென்றால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிறுவயதில் ஒவ்வொரு முறையும் அப்பா நிசானின் முள்ளை விரலால் தட்டிப் பார்ப்பார். தம்பியும் நானும் பின் இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டி, முள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். தாண்டாவிட்டால் மார்சிலிங் பக்கம் நிறுத்தி நிரப்ப வேண்டும், அம்மா முணுமுணுப்பார். அந்த விதி பெட்ரோல் காருக்கு இன்றும் இருக்கிறது. மின்சாரக் காருக்குத் தொட்டியே இல்லை, கேட்க யாரும் இல்லை. ஆனால் அன்று முக்கால் நிரப்ப ஐந்து நிமிடம் ஆனது. இன்று சட்டம் கேட்காத முக்காலுக்காக நாங்கள் நள்ளிரவில் விழித்திருந்தோம்.

மறுபடி கீழே போனேன். வாடகைக் காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்த மலாய்க்காரர் எழுந்து உட்கார்ந்து, "கக் (அக்கா), அவசரமா?" என்று கேட்டார். துருப்பிடித்த என் மலாயில் அப்பாவையும் மலாக்காவையும் சொன்னேன். அவர் தன் திரையைப் பார்த்தார். அறுபதைத் தாண்டியிருந்தது. எண்பதுக்குப் பிறகே எடுப்பாராம், விடியும் முன் விமான நிலையப் பக்கம் ஓட்டம் இருக்கிறதாம். "உங்கள் அப்பாவுக்காக எடுத்துவிடுகிறேன், எனக்கு இது போதும், பகலில் எங்காவது ஏற்றிக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, தானே கம்பியைக் கழற்றி, அதன் கனத்தைத் தோளில் தாங்கி, தம்பியின் காருக்குள் மாட்டினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது, விளக்கு நிறம் மாறியது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவருக்கு வருமானம் தரும் சார்ஜ் அது. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அம்மா மேலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான்கரைக்கு அறுபத்தைந்து விழுக்காட்டோடு புறப்பட்டோம். மலேசியப் பக்கம் நெடுஞ்சாலை ஓய்வுத் தலத்தில் வேக சார்ஜரில் நிறுத்தினோம். அப்பா தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்து முடிப்பதற்குள் தேவையானது ஏறிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

அந்த மனிதரின் நல்ல உள்ளத்தால் எங்கள் பயணம் நடந்தது. ஆனால் ஒரு நகரத்தின் ஏற்பாடு, இரவு வேலை பார்க்கும் ஒருவரின் இரக்கத்தை நம்பி இருக்கக் கூடாது. நிறைந்த காரை நள்ளிரவு மூன்று மணிக்கு எழுந்து வந்து எடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது எனக்கும் புரிகிறது. மாலை ஏழு மணிக்கு நிறைந்த கார் பதினொன்று வரை நிற்பது வேறு விஷயம். அதற்குக் கட்டணம் போடலாம், அடுத்து வரிசையில் யார் என்று செயலியில் காட்டலாம், எண் தெரியாமலேயே உரிமையாளரை அழைக்கும் ஒரு பொத்தான் வைக்கலாம். வாடகைக் கார்களில் பயணியும் ஓட்டுநரும் அப்படித்தானே பேசிக்கொள்கிறார்கள்.

தம்பி நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறான், சார்ஜர் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறான். புளோக்கில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கைபேசியில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். இரவு பதினொன்றுக்கு முன் நிறைந்தால் இறங்கி வந்து எடுத்துவிட வேண்டும், அதற்குப் பின் நிறைந்தால் காலை ஏழு வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள். குழுவில் சேராதவர்களை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது என்பதால், இதே இரண்டு வரிகளைச் சார்ஜர் நடத்தும் நிறுவனங்கள் தங்கள் விதியாகவே எழுதி, ஒவ்வொரு தூணிலும் நான்கு மொழிகளிலும் ஒட்டிவிட வேண்டும்.