வீட்டு ஆக்ஸிஜன்: சிலிண்டரா, கான்சன்ட்ரேட்டரா?

"வீட்டில் ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர், தினமும் 15 மணி நேரம்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எதை வாங்கிக் கொடுப்பது என்பது பெரும்பாலும் வீட்டார் தலையில்தான் விழும். சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்), நுரையீரல் தழும்பு நோய் என்று மாதக்கணக்கில் ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னையில் என் தேர்வு இதுதான்: தினசரிக்கு, அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின், பக்கத்திலேயே ஒரு பி டைப் சிலிண்டர். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சிலிண்டரின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பி டைப்பில் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு இருக்கும். ஜம்போ என்று சொல்கிற டி டைப்பில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 15 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1,800 லிட்டர் வேண்டும். அதாவது பி டைப் ஒரு நாளைக்கே போதாது. ஜம்போ நாலு நாளைத் தொடாது. ரீஃபில் கடைக்காரர் வருகிற வரை முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் ஜம்போவை ஏற்றி இறக்குவது இரண்டு ஆள் வேலை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் நோயாளியே ரெகுலேட்டரை அடிக்கடி மூடிவிடுவார். "இப்ப பரவாயில்லப்பா, ராத்திரிக்கு இருக்கட்டும்" என்பார். அந்த 15 மணி நேரம் என்பது ஒப்புக்கு எழுதியது அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 1981இல் வெளியானது. தினமும் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். மிச்சம் பிடிக்க வைக்கிற கருவி இந்த வைத்தியத்துக்கே எதிரானது.

கான்சன்ட்ரேட்டரில் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை. அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட் மணிகள் நிரம்பிய குழாய்களில் அழுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாக வெளியே விடுகிறது. செலவு ஈபி பில்லில் தெரியும். 350 வாட் மெஷின் 15 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஐந்தேகால் யூனிட். இரண்டு மாத பில்லில் 315 யூனிட் கூடும். வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படியும் ரீஃபிலுக்கு ஆகும் செலவோடும் அலைச்சலோடும் ஒப்பிட்டால் மெஷின்தான் தேவலை.

வாங்கும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஃப்ளோவை 5 லிட்டரில் வைத்து, அனலைசர் மாட்டி, ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் வருகிறது என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். 2 லிட்டரில் நல்ல அளவு காட்டிவிட்டு ஃப்ளோ ஏற ஏறச் சரியும் மெஷின்கள் உண்டு. வாடகை மெஷினுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது, நம் ஊரோ கடற்கரை. மாதக்கணக்கில் மூலையில் சும்மா கிடந்த மெஷினை அப்படியே நம்பிவிடக் கூடாது. சுவரோடு ஒட்டி வைத்தால் கத்திரி வெயிலில் சூடேறி அலாரம் அடிக்கும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை அண்டாத இடமாகப் பார்த்து வைத்து, ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள்.

ஆனால் மெஷினின் உயிர் கரண்டில் இருக்கிறது. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்கள் இரண்டும் டிசம்பரில்தான் வந்தன. நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள்: 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் இந்த மெஷின் மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம், அதுவும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால். அங்கேதான் பி டைப் தன் மதிப்பைக் காட்டுகிறது. 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகவோ, கரண்ட் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகவோ அவகாசம் தரும். ஐப்பசி பிறக்கும் முன் நிரப்பி, ரெகுலேட்டர், ஸ்பேனர், ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் பாட்டில் மூன்றையும் அதோடேயே வையுங்கள். வால்வு இறுகிவிட்டது என்று எண்ணெய் தடவிவிடாதீர்கள். அழுத்தமான ஆக்ஸிஜன் பட்டால் எண்ணெய் தீப்பற்றும். எந்தக் கருவியானாலும் நோயாளி மூக்கில் டியூபோடு பூஜை விளக்கருகே உட்காரக் கூடாது. கற்பூரத் தட்டையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

தோளில் மாட்டிக்கொள்ளும் போர்ட்டபிள் மெஷின் வெளியே போய்வர நல்ல துணை. வீட்டு மெஷினுக்கு அது மாற்றாகாது. பெரும்பாலானவை மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு கொடுப்பவை. அதில் "2" என்பது நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல. தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாக இருந்தால் சிலவற்றுக்கு அது தெரியவே தெரியாது.

மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷினை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. அது காற்றை அழுத்தத்தோடு உள்ளே அனுப்பி, தேங்கிய கரியமில வாயு வெளியேற உதவுகிறது. ஆக்ஸிஜனைத் தானாகத் தயாரிப்பதில்லை. கரியமில வாயு தேங்கும் சிஓபிடி நோயாளிக்கு ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டே போனால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அவர்களுக்குச் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பதே வழக்கமான இலக்கு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கரியமில வாயுவைக் காட்டாது; ஏபிஜி ரத்தப் பரிசோதனைதான் காட்டும். அதனால் கடைக்குப் போகும் முன் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், சாச்சுரேஷன் எதிலிருந்து எதுவரை என்ற மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். இரவில் மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் யாராவது பதறிப்போய் ஃப்ளோவைத் திருகப் போனால், முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.