ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைச் சொன்ன பேச்சு கேட்க வைத்தது: மூன்று குளிர்கால அனுபவம்

எங்கள் வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் இப்போது உருப்படியாக வேலை செய்வது இரண்டே பொத்தான்கள்தான். மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. குளிர்ந்தால் மேல் அம்பு, வியர்த்தால் கீழ் அம்பு. இதற்காகவா இருநூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கினாய் என்று கேட்டால், ஆமாம். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவரவே எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். எண்பதுகளில் கட்டிய வீடு. பேஸ்மென்டில் காஸ் ஃபர்னஸ், அங்கிருந்து குழாய் வழியாக எல்லா அறைக்கும் சூடான காற்று. வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு தெர்மோஸ்டாட், கீழ்த்தள நடைபாதைச் சுவரில். முன்பு அங்கே இருந்தது ஹனிவெல் கம்பெனியின் வட்டமான பழைய தெர்மோஸ்டாட். 1953-இல் வந்த அந்த வடிவம் வட அமெரிக்காவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு சுருள் தகடு, அதன் நுனியில் பாதரசம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி. குளிர்ந்தால் சுருள் நகரும், குப்பி சாயும், பாதரசம் ஓடி இரண்டு கம்பியைத் தொடும், கீழே ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் மூளை. (கழற்றினால் குப்பையில் போடக் கூடாது. நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.)

அதை மாற்றியது ஆசையால்தான், தேவையால் இல்லை. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் தொல்லைகளில் பாதி, இந்த வகை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது.

மாட்டும்போதே முதல் அடி விழுந்தது. பழையதற்கு மின்சாரம் தேவையில்லை, அது வெறும் சுவிட்ச். புதியதற்குத் திரை, வைஃபை எல்லாம் இருப்பதால் எந்நேரமும் 24 வோல்ட் வேண்டும். அதற்கு சி என்று குறித்த முனையில் ஒரு கம்பி வர வேண்டும். என் சுவரிலிருந்து வந்தவை நான்கு: ஆர் கரன்ட் வரும் கம்பி, டபிள்யூ சூட்டுக்கு, ஒய் ஏசிக்கு, ஜி ஃபேனுக்கு. சி இல்லை. மனம் தளர்ந்து கம்பிகளைச் சுற்றிய உறையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால், உள்ளே ஐந்தாவதாக ஒரு நீலக் கம்பி, யாருக்கும் வேண்டாதவனாகச் சுருண்டு கிடந்தது. பழைய வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். தனி அடாப்டர் வாங்கும் முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், பழைய தெர்மோஸ்டாட்டில் எந்த எழுத்தில் மாட்டியிருந்தது என்பதை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே ஃபர்னஸின் சர்க்யூட் போர்டிலும் அந்த நீலத்தை சி-யில் முடுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டுச் சரிபார்த்தேன். அப்புறம் அணைக்க மறந்து மாடிப்படி ஏறினேன். மேலே ஆர் கம்பியான சிவப்பும் சி-யான நீலமும் ஒரே ஒரு கணம் முத்தமிட்டன. சத்தமில்லை, பொறியில்லை. ஆனால் புதுத் தெர்மோஸ்டாட் கண் திறக்கவே இல்லை. நவம்பர் மாதம், சனிக்கிழமை மாலை. கடையில் திருப்பிக் கொடுக்கப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். நல்ல வேளையாக அதற்கு முன் போர்டை இன்னொரு முறை பார்த்தேன். கார்களில் இருக்குமே, அதே மாதிரி ஊதா நிற மூன்று ஆம்பியர் ஃபியூஸ். உள்ளே அந்த மெல்லிய வளைவு அறுந்திருந்தது. கார் சாமான் கடையில் சில டாலருக்கு ஒரு பாக்கெட் வாங்கி மாட்டினேன். அப்போதும் ஓடவில்லை! ஃபர்னஸின் கதவு அரை அங்குலம் சரியாகப் பொருந்தாததுதான் காரணம். கதவுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு, கதவு அதை அழுத்தினால்தான் உயிர் வரும். முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினேன், ஓடியது.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின. படுக்கையிலிருந்தபடியே போனில் சூட்டைக் கூட்டுவது பெருமையாகக்கூட இருந்தது. டிசம்பரில், பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கக் கனடா தரும் சூப்பர் விசாவில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்தார்கள். ஜனவரியில் ஒரு நாள் மனைவிக்கு ஆபீஸில் அரை நாள் விடுப்பு. மதியம் வீட்டுக்கு வந்தவள் எனக்குப் போன் செய்தாள். "மாமாவும் அத்தையும் ரெண்டு ஸ்வெட்டர், மங்கி கேப்போட கம்பளிக்குள்ள உக்காந்திருக்காங்க. வீடு 18-ல இருக்கு."

வெளியே மைனஸ் 14. காலையில் நான் வைத்துவிட்டுப் போனது 21.5.

நடந்தது இதுதான். இந்தச் சாதனம் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று இரண்டு வழியில் பார்க்கிறது. ஒன்று, ஆப் இருக்கும் போன்கள் வீட்டை விட்டுப் போய்விட்டனவா என்பது. இரண்டு, தன் முன்னால் யாராவது நடக்கிறார்களா என்பது. எங்கள் இரண்டு போனும் காலை எட்டரைக்கே வெளியே போய்விடும். அப்பாவும் அம்மாவும் மாடி அறையில் டிவி முன்னால். நடைபாதையில் நடமாட்டமே இல்லை. ஆகவே அதன் கணக்கில் வீடு காலி, 17.5 போதும். இரண்டு வாரமாகத் தினமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அம்மா, "இந்த ஊர்ல பகல்ல இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சோம்டா" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். ஆள் இல்லாதபோது குறைக்கும் அம்சம், நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு தானே அட்டவணை போடும் அம்சம், காலை ஆறு மணிக்குச் சூடு வேண்டும் என்றால் ஐந்தேகாலுக்கே ஆரம்பிக்கும் அம்சம், வெளி வானிலையைப் பார்த்துத் திருத்தும் அம்சம், எல்லாம் ஆஃப். இவை ஒரே இடத்தில் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்று ஆப்பில், ஒன்று சாதனத்தின் மெனுவில், ஒன்று கணக்குப் பக்கத்தில். சேமிப்பு மோடின் பெயர் ஈகோ (Eco). திரையில் அதைப் படித்த அப்பா, "இந்த மெஷினுக்கு ஈகோ வேறயா" என்று கேட்டார். இருந்தது, சந்தேகமில்லை.

அட்டவணையை அடியோடு நீக்க என் மாடலில் வழியில்லை. அதனால் ஏழு நாளுக்கும், நாள் முழுவதற்கும் ஒரே கட்டம், ஒரே வெப்பம் என்று நிரப்பினேன். இதோடு முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் அம்மா ஒரு குற்றவாளி முகத்தோடு வந்து நின்றார். மேல் அம்பை அழுத்தி 22.5 வைத்தாராம், இரண்டு மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிட்டதாம், தான் எதையோ கெடுத்துவிட்டோமோ என்று பயம்.

மேனுவலாக மட்டும் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். கையால் மாற்றிய வெப்பம் எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். பெரும்பாலும் ஹோல்ட் என்று பெயர். இரண்டு மணி, நான்கு மணி, அடுத்த அட்டவணை வரை, நான் மாற்றும் வரை. கடைசியைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் அணைத்தாலும் அது பழைய இடத்துக்கே திரும்பும்.

ஹீட், கூல், ஆட்டோ என்ற மூன்றில் ஆட்டோவையும் விட்டுவிட்டேன். இங்கே ஏப்ரலில் காலை 2 டிகிரி, மதியம் 20. ஆட்டோவில் விட்டால் காலையில் ஃபர்னஸ், பிற்பகலில் ஏசி என்று ஒரே நாளில் இரண்டும் ஓடும். வருடத்துக்கு இரண்டு முறை கையால் மாற்றுவது ஒரு வேலையே இல்லை.

இன்னொன்று, எண் தப்பாகக் காட்டியது. கையில் பிடித்த சாதா வெப்பமானி 22 சொன்னால் இது 20.5 சொல்லும். அளவைத் திருத்தும் செட்டிங் உண்டு, ஆனால் காரணம் வேறு. கம்பி வரும் ஓட்டை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று நேராக அதன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. மகளின் களிமண்ணில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி ஓட்டையை அடைத்தேன். வித்தியாசம் அரை டிகிரிக்குள் வந்துவிட்டது.

அப்பாவிடம் ஒரு பழக்கத்தை மாற்ற மட்டும் நாளாயிற்று. குளிர்ந்தால் நேராக 28 வைப்பார், சீக்கிரம் சூடாகுமாம். நம் ஊரில் ஏசியை 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்போமே, அதே கணக்கு. இது ஃபேன் ரெகுலேட்டர் இல்லை. எங்கள் ஃபர்னஸுக்குத் தெரிந்தது ஓடுவது, நிற்பது இரண்டுதான். 22 வைத்தாலும் 28 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் சூடேறும், 28 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. கடைசியில் மேல் எல்லையை 24 என்று பூட்டிவிட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

பணம் மிச்சமாகிறதா? அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது, தினம் எட்டு மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் குறைத்து வைத்தால் வருடத்துக்கு 10 சதவீதம் வரை மிச்சம் என்று. நம் கணக்கில் 4 முதல் 5.5 செல்சியஸ். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது சரி. எங்கள் வீடு பகலில் காலியாக இருப்பது அபூர்வம். இரவு பத்து மணிக்கு நானே 19-க்கு இறக்குகிறேன், சில நாள் மறந்துவிடுகிறேன். காஸ் பில்லில் சொல்லும்படியான மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஸ்மார்ட் என்று நான் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று: வீடு 14 டிகிரிக்குக் கீழே போனால் போனுக்குத் தகவல். போன பிப்ரவரியில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் ஓர் இரவு வெளியே தங்கியபோது அந்தத் தகவல் வந்தது. திரும்பி ஓடி வந்தால், ஃபர்னஸ் காற்று இழுக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாயை, காற்று குவித்த பனி மூடியிருந்தது. கையுறையோடு தோண்டி எடுத்தேன், ஐந்து நிமிடத்தில் பற்றிக்கொண்டது. பழைய பாதரசக் குப்பி இருந்திருந்தால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு எனக்கு வருத்தமில்லை. ஊருக்குப் போகும்போது ஆஃப் செய்யாமல் 15-இல் வைத்துவிட்டுப் போவதும் இதனால்தான்.

வைஃபை போனாலும் அம்புகள் வேலை செய்கின்றன, பார்த்துவிட்டேன். இது சின்ன விஷயமில்லை. 2011-இல் வந்த நெஸ்ட் என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் மாடலுக்கும் அதன் அடுத்த தலைமுறைக்கும் 2025 அக்டோபர் 25-ஓடு ஆப் தொடர்பை கூகுள் நிறுத்திவிட்டது. ஆனால் சுவரில் இருப்பதைக் கையால் திருப்பினால் அவை இன்னும் சூட்டைக் கூட்டும், குறைக்கும். வாங்கும்போது ஆப்பைத் திறக்காமல், சாதனத்திலேயே எல்லாம் மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்டேட் வந்தபின் செட்டிங்குகளை ஒருமுறை புரட்டுங்கள். எனக்கு இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு அப்டேட், புதிய சேமிப்பு அம்சம் ஒன்றைக் கேட்காமலேயே ஆன் செய்துவிட்டுப் போனது.

போன ஆயுத பூஜைக்கு மிக்ஸி, கார், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, தெர்மோஸ்டாட்டுக்கும் ஒன்று வைத்தார். சந்தனம் விழுந்தது சரியாக நடமாட்டம் பார்க்கும் சென்சாரின் மேல். நான் துடைக்கவில்லை.