நிலவு ஆய்வை எங்கே வைப்பது: எல்பிஎஸ்சியா, ஏஜியூவா?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் இளநிலை மாணவர் கோடையில் பத்து வாரம் உட்கார்ந்து நிலவுப் பள்ளங்களை எண்ணுகிறார். அதைக் காட்ட இரண்டு பெரிய மாநாடுகள் உண்டு. நிலவு, கோள் அறிவியலுக்கான எல்பிஎஸ்சி (LPSC) மார்ச்சில், டெக்சாஸின் தி உட்லண்ட்ஸில். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டமான ஏஜியூ (AGU) டிசம்பரில், ஆண்டுக்கு ஓர் ஊரில். எது பெரிய பெயர் என்று பார்ப்பதைவிட, ஆய்வுச் சுருக்கம் (abstract) அனுப்பும் கடைசி நாளைப் பார்ப்பதே முக்கியம்.

ஏஜியூவுக்கு அது ஜூலைக் கடைசியை ஒட்டி வரும். எண்ணிக்கை பாதியில் நிற்கும்போதே முடிவை எழுத வேண்டிய நெருக்கடி. 2,000 எழுத்துக்குறிகள்தான். கட்டணம் உண்டு, திரும்ப வராது. எல்பிஎஸ்சிக்கு ஜனவரித் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது படமும் மேற்கோள் பட்டியலும் உட்பட இரண்டு முழுப் பக்கம். 'முடிவுகள் மாநாட்டில் தெரிவிக்கப்படும்' என்று எழுதி ஒப்பேற்ற முடியாது. அந்தச் சுருக்கம் இணையத்தில் நிலைத்திருக்கும், பிறர் மேற்கோளும் காட்டுவார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு இதன் மதிப்பு அதிகம்.

கூட்டமும் வேறு. அப்பல்லோ 11 கொண்டுவந்த கற்களைப் பற்றிப் பேச 1970-ல் ஹியூஸ்டனில் கூடிய மாநாடுதான் பின்னர் எல்பிஎஸ்சி ஆனது. அங்கே போஸ்டருக்கு மாலை நேரம் தனியாக உண்டு, போட்டிக்கு உரைகள் இல்லை. இருபதாயிரம் பேருக்கு மேல் திரளும் ஏஜியூவில் பகலிலேயே போஸ்டர், பக்கத்து அறைகளில் உரைகள். நிலவுக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாத் துறை இளநிலை மாணவர்களும் வரும் என்சியூஆர் (NCUR) மாநாடு பேசிப் பழக நல்ல இடம், ஆனால் 'ரெகோலித் (நிலவின் மேற்பரப்புத் தூளும் கல்துகளும்) என்றால் என்ன' என்பதிலேயே நேரம் போய்விடும்.

எங்கே போனாலும் சறுக்குவது படத்தில்தான். நிலவைச் சுற்றும் நாசா விண்கலத்தின் எல்ஆர்ஓசி (LROC) கேமரா எடுத்த படத்தில் ஒளி கீழிருந்து விழுந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காமல், ஒளி மேலிருந்து வரும்படி திருப்பிவிட்டு, வடக்கு அம்புக்குறி போடுங்கள். துருவப் பகுதியைச் சமச்செவ்வக வரைபட வீழ்ப்பில் (equirectangular projection) காட்டினால் வட்டப் பள்ளமெல்லாம் கிழக்கு மேற்காக இழுபட்டு நீள்வட்டமாகும். துருவ ஸ்டீரியோகிராஃபிக் வீழ்ப்புக்கு மாற்றுங்கள். துணி போஸ்டர் மடித்துப் பெட்டியில் போக வசதி, ஆனால் நிழல் பகுதி மொத்தமும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஒரு துண்டை முதலில் அச்சிட்டுப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். எண்ணிய பரப்பளவு, பிழைக்கோடு, இரண்டாம்நிலைப் பள்ளங்களை (பெரிய மோதலில் சிதறிய கற்கள் விழுந்து உண்டானவை) எப்படி விலக்கினீர்கள் என்பது, இம்மூன்றும் போஸ்டரிலேயே இல்லையென்றால் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

முதல் ஆய்வு என்றால் எங்கள் வாக்கு எல்பிஎஸ்சிக்கு. முந்தைய கோடையிலேயே தரவு கைக்கு வந்துவிட்டவர் இரண்டுக்கும் போகலாம்: டிசம்பரில் ஏஜியூவில் கிடைக்கும் குறுக்குக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, எண்ணிக்கையைத் திருத்தி ஜனவரிச் சுருக்கத்தில் சேர்க்கலாம். நடுவில் இருப்பது சில வாரங்களே, அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை. வழிகாட்டிக்கு வரைவு அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.