வேலை தேடுகிறவர்களுக்குப் படம் எடுத்துத் தரும் ஸ்டுடியோ: என் அனுபவம்

லிங்க்ட்இனில் நம் படம் வட்டத்துக்குள்தான் தெரியும். தேடல் பட்டியலில் அது நகத்தளவுதான். இதைப் புரிந்துகொண்டு எடுக்கிற ஸ்டுடியோ கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். என்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று போட்டோகிராபர் முதலில் கேட்டார். அப்புறம் கேமராவைக் கண் மட்டத்துக்கு இறக்கி, சற்றுத் தள்ளி நின்று எடுத்தார். ரொம்ப அருகில் போனால் மூக்கு பெரிதாகிக் காதுகள் பின்வாங்கிவிடும். செல்ஃபியில் முகம் மாறித் தெரிவது இதனால்தான். என் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தபோது, அதைக் கழற்றச் சொல்லாமல் விளக்கை உயர்த்தினார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நேர்காணலுக்கும் கண்ணாடியோடுதானே போவேன்!

ஒரு குறை. எடிட்டிங்கில் கண்ணுக்குக் கீழிருந்த கோடுகளையெல்லாம் வழித்தெடுத்துவிட்டார்கள். நேரில் பார்க்கிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார்கள். வெளிர் சாம்பல் பின்னணி, தோள்வரை படம். லிங்க்ட்இன் எதிர்பார்க்கும் 400-க்கு 400 பிக்சலைவிடப் பெரிய சதுரக் கோப்பாகவே தந்தார்கள்.

ரெஸ்யூமேவில் படம் வைப்பது வேறு விஷயம். அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களுக்கு அனுப்புவதென்றால் அதில் படமே வேண்டாம்.